கப்பலேறும் முன்

கப்பற்பயணம் என்றால் நம் பெற்றோர் தலைமுறைக்குப் பிழைப்புக்காகப் போவது என்றே பொருள். ரஜூலாவிலும், பின்னர் சிதம்பரம் கப்பலிலும் சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் சென்றவர்கள் அநேகர். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் தீப்பற்றி உயிர்ச்சேதம் நேர்ந்த பின்னர் அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. இன்று பொழுதுபோக்குக்காகவே கடலுக்குப் போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல் வந்திருக்கிறது. 2022 ஜூன் 4 ஆம் நாள் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலைத் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பினார். மறு ஆண்டு ஜூன் 5 இல் அதே கப்பல் இலங்கைக்கும் புறப்பட்டது. பெற்றோரின் மணவிழா ஆண்டுக்கு அவர்களை அழைத்துச் செல்லலாமா என்று நம் குடும்பங்களில் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். சேமிப்பில் கணிசமான தொகை கரையக்கூடிய காரியமாதலால் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

முதலில் காலம். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும். வங்கக் கடலின் இந்தப் பக்கம் ஒப்புநோக்க அமைதியாயிருக்கும். சென்னைப் பயணங்கள் அம்மாதங்களில் அமைந்ததற்கு இது ஒரு காரணம். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரைக்குப் புயல் வரும் என்பதைக் கோவளத்து மீனவரைக் கேட்டால் நம்மைவிட நன்றாகச் சொல்வார். கப்பல் ஆண்டு முழுவதும் இங்கு நிற்பதில்லை. எனவே அட்டவணையைப் பார்த்த பிறகே விடுப்புக்கு எழுதுங்கள்.

விளம்பரத்தில் காணும் கட்டணம் பெரும்பாலும் சன்னலற்ற உள் அறைக்கு, அதுவும் இருவர் தங்கினால் ஆளொன்றுக்கு. துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் சேவைத் தொகை ஆகியவற்றைக் கூட்டிய முழுத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாப்பாடு கட்டணத்தில் அடங்கும். மதுவும் இணைய வசதியும் பொதுவாக அடங்கா. கப்பலுக்குள் ரொக்கம் புழங்காது. அறை அட்டையைக் காட்டினால் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். பிள்ளைகள் கையில் அந்த அட்டை எளிதாகச் செலவழியும். ஒவ்வொரு நாள் இரவும் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. கரை மறைந்ததும் சூதாட்ட அரங்கமும் திறக்கும். அதன் பக்கம் போகாதிருப்பதற்கு நம் யோசனை தேவையில்லை என்று நம்புகிறோம்.

கைபேசியில் ஒரு கண்ணி இருக்கிறது. கரையின் சமிக்ஞை அறுந்ததும் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையைத் தானாகவே பற்றிக்கொள்ளும். நம் வழக்கமான திட்டத்தில் அடங்காத அந்தக் கட்டணம் மலைக்க வைக்கும். புறப்படும்போதே ஏரோபிளேன் மோடில் வைத்துவிடுங்கள்.

குமட்டலைப் பற்றித்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு ‘அசைகிறோம்’ என்கிறது. அறைச்சுவரைப் பார்க்கும் கண் ‘இல்லை’ என்கிறது. இந்த முரண்பாடே தலைச்சுற்றலுக்குக் காரணம். ஆகவே படுத்துப் புத்தகம் படிப்பதை விட்டு மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்ப்பதே மருந்து. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறைகளில் ஆட்டம் குறைவு. முதியோருக்கு அங்கேயே இடம் கேளுங்கள். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பண்டமும் கூடாது, இஞ்சி நல்லது. மாத்திரையை மருத்துவரைக் கேட்டு, குமட்டல் தொடங்குமுன் போடவேண்டும். வேறு மருந்து உட்கொள்ளும் முதியோர் தாமாக வாங்கி விழுங்கலாகாது. கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கப்பல்கள் ஆறாம் மாதத்திலிருந்து ஏற்பதில்லை.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு பல மணி நேரம் கழித்தே அறையில் சேர்ப்பார்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள், இன்சுலின், அடையாள அட்டை, ஒரு மாற்றுடை இவை கைப்பையில் இருக்கட்டும். உள்நாட்டுப் பயணத்துக்குப் புகைப்பட அடையாள அட்டை போதும். இலங்கை செல்வதானால் கடவுச்சீட்டு வேண்டும். விசா விதிகள் மாறுவதால் பதிவின்போதே விசாரிக்கவும். இஸ்திரிப்பெட்டி, மின்கெட்டில், மெழுகுவத்தி, ஊதுவத்தி கொண்டுபோக வேண்டாம், பரிசோதனையில் எடுத்துக்கொள்வார்கள். மாலைச் செபமாலைக்கு மெழுகுவத்தி இன்றியே உட்காரலாம். நடுக்கடலில் தீயைவிடப் பெரிய பகை கிடையாது.

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். ஏறியதும் பாதுகாப்பு ஒத்திகைக்கு அழைப்பார்கள். பலர் இதைத் தொல்லையென்று எண்ணிக் குளியலறையில் ஒளிந்துகொள்வதுண்டாம்! 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டனர். அன்று மாலைதான் ஏறியிருந்த அறுநூற்றுக்கு மேற்பட்டோருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. புறப்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் விபத்து வந்துவிட்டது. 2015 முதல் புறப்படுமுன், அல்லது புறப்பட்ட உடனே நடத்தியாகவேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டது. ஏழு குறுகிய ஊதல், பின் ஒரு நீண்ட ஊதல் கேட்டால் அறைக்குப் பெட்டி எடுக்க ஓடாமல் உங்களுக்குக் குறித்த கூடுமிடத்துக்குச் செல்லவேண்டும். எம்பிரஸில் 11 தளங்கள், 796 அறைகள். அத்தனை பெரிய வீட்டில் முதல் நாள் வழி தவறுவது இயல்பு. ஆதலால் அறையிலிருந்து கூடுமிடத்துக்குப் பிள்ளைகளோடு ஒருமுறை படிக்கட்டு வழியாகவே நடந்து பாருங்கள். ஆபத்தில் மின்தூக்கியை நம்பலாகாது. சிறு பிள்ளைகளுக்கேற்ற மிதவைச் சட்டை அறையில் உண்டா என்றும் கேளுங்கள்.

தெற்கே செல்லும் கப்பலானால் நம் கரை வலப்புறம் இருக்கும். இருட்டிய பின் வானம் தெளிந்து, கப்பலும் கரையை மிக விலகாதிருந்தால் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுழல்வதைக் காணலாம். முதியோரைக் கம்பளிச் சால்வையோடு மேலே அழைத்து வாருங்கள், கடற்காற்று குளிரும்.

இறங்கும் முந்திய இரவே பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்தவேண்டியதையும் சேர்த்துக் கட்டிவிட்டுக் காலையில் தவிப்பவர் உண்டு. துறைமுகத்துக்கு எதிரிலேயே கடற்கரை ரயில் நிலையம். செங்கல்பட்டுக்கு நேர் மின்ரயில் அங்கேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும்.