ஐந்தாமவரை யார் வளர்ப்பது?

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் தமது வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். வருமானம் தராத நகர்வல ஓட்டத்துக்கு இது நல்ல செய்தியல்ல.

ஆனால், பணமா ஓட்டக்காரரை உருவாக்குகிறது? கொலராடோ மாநிலத்தின் சிறுநகரம் அலமோசா. 2,300 மீற்றர் உயரத்திலுள்ள அங்கேதான் அடம்ஸ் ஸ்டேட் கல்லூரி அணியைப் பயிற்றுவிப்பாளர் ஜோ விஹில் வளர்த்தெடுத்தார். இப்போட்டியில் அணியின் முதல் ஐவரது இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த புள்ளிக்கே வெற்றி. 1992 தேசிய இரண்டாம் பிரிவுப் போட்டியில் முதல் ஐந்து இடங்களும் அவர்களுக்கே: 15 புள்ளிகள். அதற்குக் கீழே புள்ளியில்லை.

ஒரு நட்சத்திர வீரரை விலைக்கு வாங்கலாம். ஐந்தாமவரை ஆண்டுக்கணக்கில் வளர்த்தே ஆகவேண்டும். விஹில் அங்கே ஏறத்தாழ முப்பது வருடங்கள் இருந்தார். ஒரேயொரு வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டப்படக்கூடியது அந்த முப்பது வருடங்கள்தான் என்கிறேன்.