எங்கே போவதாக உத்தேசம்?

பிரெக்ஸிட் பற்றி நம் இணையச் சூழலில் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள்தான் கேட்கும். ஒன்று, "வெள்ளைக்காரன் தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டான், படிக்காத கூட்டத்துகிட்ட ஓட்டுச்சீட்டைக் கொடுத்தா இப்படித்தான்" என்று சிரிக்கும். இன்னொன்று, "பிரிட்டன் மூழ்கிடும்னாங்க, இத்தனை வருஷம் ஆச்சு, எங்க மூழ்குச்சு?" என்று உதட்டைப் பிதுக்கும். முதல் குரலுக்குச் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் நம்மைப் போல வாசிக்கிறவர்கள். அதனால் அதன் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

இருவரும் செய்வது ஒரே தப்பு. "ஒரு நாடு ஒன்றியத்தை விட்டு விலகினால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று நம்புகிறார்கள். கிடையாது. எங்கே போகப்போகிறது என்று சொன்னால்தான் என்ன ஆகும் என்று கணக்குப் போடவே முடியும். 2016இல் பிரிட்டிஷ் மக்களிடம் முதல் கேள்வியை மட்டும் கேட்டார்கள். இரண்டாவது கேள்வியை வாக்கெடுப்பு முடிந்தபிறகு எடுத்துவைத்துக்கொண்டு தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். அநியாயம் என்று நான் சொல்வது இதைத்தான்.

2016 ஜூன் 23 அன்று வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி ஆங்கிலத்தில் மொத்தம் 16 வார்த்தை. ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா? 72 சதவீதம் பேர் வந்து வாக்களித்தார்கள். விலகலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், அதாவது ஒரு கோடியே 74 லட்சம் பேர்.

நீடிப்பது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். நேற்று இருந்ததுபோல நாளையும் இருக்கும். விலகுவது என்றால்? நார்வேகூட ஒன்றியத்துக்கு வெளியேதான் இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவின் பொதுச் சந்தைக்குள் இருக்கிறது, பணம் கட்டுகிறது, ஐரோப்பியர்கள் தடையில்லாமல் வந்து வேலை செய்ய விடுகிறது, தனக்கு ஓட்டு இல்லாத இடத்தில் போடப்படும் விதிகளை ஏற்கிறது. துருக்கியும் வெளியேதான். தொழிற்சாலைப் பொருட்களுக்கு மட்டும் ஒன்றியத்தோடு சுங்கக் கூட்டு வைத்திருக்கிறது. கனடாவும் வெளியேதான். அதற்கு ஒரு வர்த்தக ஒப்பந்தம், அவ்வளவுதான். எந்த ஒப்பந்தமும் இல்லாமலும் விலகலாம். இந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் விலை வேறு, லாபம் வேறு, அடிபடுகிற ஆள் வேறு.

கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "எங்க போறதா உத்தேசம்?" என்பதுதான். பக்கத்துத் தெருவுக்கா, வேறு ஊருக்கா, வாடகை எவ்வளவு, அம்மாவை யார் பார்த்துக்கொள்வது? அந்தக் கேள்வியில் இருக்கிற புத்திசாலித்தனம் உலகின் மூத்த நாடாளுமன்றங்களில் ஒன்றுக்கு இல்லாமல் போனது.

இல்லாமல் போனது என்பதற்கு ஆதாரம் வெளியே தேட வேண்டாம். விலகல் ஜெயித்தால் என்ன செய்வது என்று திட்டமிடும்படி டேவிட் கேமரூன் தன் துறைகளுக்கு உத்தரவிடவே இல்லை. அதைக் கடும் அலட்சியம் என்று நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுவே 2016 ஜூலையில் அறிக்கையில் எழுதியது. கேமரூனோ முடிவு தெரிந்த காலையிலேயே ராஜினாமாவை அறிவித்துவிட்டார். அடுத்து வந்த தெரசா மே போட்ட ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்று தோற்றது. மார்ச் 27 அன்று உறுப்பினர்கள் எட்டு வழிகளை வரிசையாக வைத்து வாக்களித்தார்கள். ஒன்றுக்கும் பெரும்பான்மை இல்லை. ஏப்ரல் 1 அன்று அதை நான்காகக் குறைத்து மறுபடி வாக்களித்தார்கள். அப்போதும் இல்லை.

"மக்கள் தீர்ப்பை எம்.பி.க்கள் சதி செய்து தடுக்கிறார்கள்" என்று அப்போது கத்தினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு கோடியே 74 லட்சம் பேர் "போகலாம்" என்றபோது அவர்கள் மனதில் ஒரே ஊர் இல்லை. அந்த உண்மைதான் அந்த அவையில் எட்டாக உடைந்து தெரிந்தது.

சரி, விளைவுகளை யாருமே சொல்லவில்லையா? சொன்னார்கள். இரண்டு பக்கமும் பொய்யாகச் சொன்னார்கள்.

விலகச் சொன்னவர்கள் ஒரு சிவப்புப் பேருந்தில், வாரத்துக்கு 35 கோடி பவுண்ட் ஒன்றியத்துக்குப் போகிறது, அதை மருத்துவத் துறைக்குக் கொடுக்கலாம் என்று எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். பிரிட்டனுக்கு இருந்த தள்ளுபடி போக, அந்தத் தொகை ஒருநாளும் முழுசாக அனுப்பப்பட்டதே இல்லை. அனுப்பியதிலும் ஒரு பகுதி விவசாய மானியமாகவும் ஆராய்ச்சி நிதியாகவும் திரும்பி வந்தது. புள்ளிவிவர ஆணையமே கண்டித்தது. பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நீடிக்கச் சொன்னவர்கள் லட்சணம் என்ன? 2016 மே மாதம் நிதியமைச்சகம் ஓர் அறிக்கை விட்டது. விலக வாக்களித்தாலே போதும், உடனே ஒரு வருட மந்தநிலை வரும், சுமார் ஐந்து லட்சம் பேருக்கு வேலை போகும் என்றது. வாக்களித்தார்கள். பவுண்ட் மதிப்பு 31 வருடத்தில் இல்லாத அளவுக்கு விழுந்தது, உண்மை. மந்தநிலை வரவில்லை. வேலையின்மை குறைந்தது.

இந்த இரண்டாவது பொய்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஏனென்றால் இது 'புலி வருது' கதை. பேருந்துப் பொய்யை மறுத்துச் சொல்ல ஆள் இருந்தது. புலிப் பொய்யோ, பிறகு நிஜமான செலவு வந்தபோது அதை நம்பவே விடாமல் செய்தது.

அந்த நிஜச் செலவு எப்படி வந்தது? டயர் வெடித்ததுபோல வரவில்லை. சின்ன பஞ்சர், காற்று மெல்ல இறங்குகிறது. பிரிட்டன் அரசின் வரவு செலவுக் கணிப்பு அலுவலகம், விலகலால் நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் இருந்திருக்க வேண்டியதைவிட 4 சதவீதமும், ஏற்றுமதி இறக்குமதி 15 சதவீதமும் குறையும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. இது மதிப்பீடுதான். நடுவில் கொரோனா வந்தது, உக்ரைன் போர் வந்தது, எது எதனால் என்று கத்தி வைத்து வெட்டிப் பிரிக்க முடியாது. ஆனால் இந்த 4 சதவீதத்தின் குணத்தைக் கவனியுங்கள். கையிலிருந்து யாரும் பிடுங்கவில்லை, வரவேண்டியது வராமல் போகிறது. சம்பளத்தைக் குறைத்தால் ஆபீஸே கொந்தளிக்கும். வராத இன்க்ரிமென்ட்டுக்காக யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள். "எங்க மூழ்குச்சு?" என்று கேட்கிற அன்பருக்கு என் பதில் இதுதான்: மூழ்கவில்லைங்க, நின்ற இடத்தில் நிற்க அதிகமாகத் துடுப்புப் போடுகிறார்கள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பலரும் சேர்ந்து பராமரிக்கும் ஒரு பொது லைப்ரரியைத் தூக்கிவிட்டு நாமே எழுதிக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கும் கூட்டங்களில் இருந்திருக்கிறேன். அதை எத்தனை இடத்தில் பயன்படுத்தியிருக்கிறோம் என்பது தூக்கிய பிறகுதான் முழுசாகத் தெரியும். பிரிட்டனிலும் அதுதான் நடந்தது. ஐரோப்பாவின் சிஇ முத்திரைக்குப் பதிலாக யுகேசிஏ என்று சொந்த முத்திரை கொண்டுவந்தார்கள். காலக்கெடுவைத் தள்ளித் தள்ளி, 2023 ஆகஸ்டில், பெரும்பாலான பொருட்களுக்குப் பழைய சிஇ முத்திரையே காலவரையின்றிச் செல்லும் என்றார்கள். எல்லையில் நம் கட்டுப்பாடு என்றார்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் உணவுப்பொருட்களை எல்லையில் சோதிப்பதைப் பலமுறை ஒத்திவைத்து 2024இல்தான் தொடங்கினார்கள். ஹொரைசன் ஆராய்ச்சித் திட்டத்துக்கு வெளியே மூன்று வருடம் இருந்துவிட்டு 2024இல் திரும்பச் சேர்ந்தார்கள். தரவுப் பாதுகாப்புக்கான ஜிடிபிஆர் விதிகளை அப்படியே நகலெடுத்து முன்னால் 'யுகே' என்று சேர்த்துக்கொண்டார்கள். 'டாட் இயூ' இணைய முகவரி வைத்திருக்கும் தகுதி பிரிட்டனில் இருப்பவர்களுக்குப் போனது. விலகச் சொல்லிப் பிரச்சாரம் செய்த அமைப்பின் பெயரே 'லீவ் டாட் இயூ'. அந்த முகவரியைக் காப்பாற்ற அதன் பதிவை அயர்லாந்துக்கு மாற்றினார்கள். சிரிக்கலாம், தப்பில்லை.

ஆனால் எந்தத் தராசிலும் ஏறாத ஒன்று அயர்லாந்துத் தீவில் இருக்கிறது. அங்கே வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, 200க்கும் மேற்பட்ட கடக்கும் பாதைகள். முப்பது வருட வன்முறையில் சுமார் 3,500 பேர் செத்த மண். 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த எல்லையில் சோதனைச்சாவடிகள் மறைந்தன. இரண்டு பக்கமும் ஐரோப்பிய ஒன்றியம் என்பதால் சரக்கைச் சோதிக்கும் தேவையும் இல்லை. பிரிட்டன் பொதுச் சந்தையையும் சுங்கக் கூட்டையும் விட்டு வெளியே போனால் எங்காவது சோதித்தாக வேண்டும். தரையில் சோதித்தால் அமைதி கெடும். கடலில் சோதித்தால் சொந்த நாட்டுக்குள்ளேயே எல்லை விழும். ஜான் மேஜரும் டோனி பிளேரும் வாக்கெடுப்புக்கு முன்பே டெர்ரி நகருக்குப் போய் எச்சரித்தார்கள். இங்கிலாந்தில் காதில் வாங்கியவர்கள் குறைவு. கடைசியில் போரிஸ் ஜான்சன் எல்லையைக் கடலில் போட்டார். அதை எதிர்த்து வட அயர்லாந்தின் கூட்டாட்சி 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருடம் முடங்கிக் கிடந்தது. அந்த மக்களில் 55.8 சதவீதம் பேர் நீடிக்கத்தான் வாக்களித்திருந்தார்கள்.

"அப்போ ஒன்றியம் என்று ஒன்று இருந்தால் யாரும் எப்போதும் விலகவே கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விலகலாம். விலகும் உரிமை இல்லாத ஒன்றியத்துக்குச் சிறை என்றுதான் பெயர்.

கிரீன்லாந்தைப் பாருங்கள். டென்மார்க் உள்ளே இருக்கும்போதே, 1982இல் வாக்கெடுப்பு நடத்தி 1985இல் ஐரோப்பியச் சமூகத்தை விட்டு வெளியே வந்தது. ஏன் என்று கேட்டால் ஒரே வார்த்தையில் முக்கியமான காரணம் வரும்: மீன். தன் கடல் தன் கையில் வேண்டும். ஐரோப்பியப் படகுகளுக்கு மீன்பிடி அனுமதி, பதிலுக்குத் தன் மீனுக்கு வரியில்லாச் சந்தை என்று பேசி முடித்தது. எங்கே போகிறோம் என்று தெரிந்து போனார்கள்.

பெரிய உதாரணம் அயர்லாந்தேதான். 1922இல் ஐக்கிய ராஜ்ஜியத்தை விட்டு வெளியே வந்தது. 1930களில் பிரிட்டனோடு வர்த்தகப் போர். 1950களில் மட்டும் சுமார் நான்கு லட்சம் பேர் பிழைப்பு தேடி நாட்டை விட்டுப் போனார்கள். பணக் கணக்கு மட்டும் போட்டால் பல பத்தாண்டுகள் நஷ்டம். ஆனாலும் அந்த முடிவு தப்பு என்று டப்ளினில் போய்ச் சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று தெரியும். சுதந்திரத்துக்கு மதிப்பு உண்டு. அதைப் பவுண்டில் அளக்க வேண்டியதில்லை. அதே அயர்லாந்தில் 1922-23இல் உள்நாட்டுப் போர் நடந்தது. விலகுவதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. எந்த மாதிரி விலகல் என்பதில்தான் அண்ணனும் தம்பியும் சுட்டுக்கொண்டார்கள். 'எங்கே?' என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டால் அது போய்விடாது, இன்னும் கோபமாகத் திரும்பி வரும்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரச் சண்டையும் இல்லை. குடியேற்றம் குறையும் என்பது விலகல் பிரச்சாரத்தின் பெரிய வாக்குறுதி. அதே பிரச்சாரத்தில், ஐரோப்பியர்கள் வரத்து நின்றால் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களைக் கொண்டுவரலாம் என்று கறி உணவக முதலாளிகளிடமும் சொன்னார்கள். நம்பி ஆதரித்தவர்கள் உண்டு. பின்னால் வந்த விசா விதிகள் அவர்கள் கேட்டபடி அமையவில்லை. ஐரோப்பியர்கள் குறைந்தார்கள். ஆனால் மருத்துவமனைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆள் வேண்டுமே? கதவைத் திறந்தார்கள். நிகரக் குடியேற்றம் 2023 ஜூன் வரையான ஓராண்டில் 9 லட்சத்தைத் தாண்டியது. நமக்குத் தெரிந்த செவிலியர்களும் மாணவர்களும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். பிறகு ஏமாந்தவர்களின் கோபம் திரும்பியது. 2024 மார்ச்சிலிருந்து பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்று விதி போட்டார்கள். கூப்பிட்டவர்களே, வந்தவர்கள் மேல் பழியைப் போட்டார்கள். பேருந்து ஓட்டியவர்கள் கொடுத்த வாக்குறுதிக்கு, அடுத்தவர் வீட்டு முதியவரைக் குளிப்பாட்டப் போன ஒரு பெண் தன் பிள்ளையைப் பிரிந்து விலை கொடுக்கிறாள்.

எனவே வாக்களித்தவர்களை முட்டாள் என்று சொல்வதை நிறுத்துவோம். முழுக் கேள்வி கேட்கப்படாதவர்கள் அவர்கள். நாளை ஸ்காட்லாந்தோ வேறெந்த நாடோ இதே வாசலில் வந்து நிற்கும்போது, விலகச் சொல்கிறவரிடமும் நீடிக்கச் சொல்கிறவரிடமும் மூன்று விஷயம் கேட்போம். எங்கே போகிறோம், ஒரே ஒரு இடத்தைச் சொல். செலவு எப்போது வரும், யார் தலையில் விழும்? அந்த இடத்தின் நிபந்தனைகள் எழுத்தில் வந்தபிறகு மக்களிடம் மறுபடி ஒருமுறை கேட்பாயா? மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "ஆமாம், நஷ்டம்தான், ஆனாலும் எங்கள் முடிவு எங்கள் கையில் இருக்க வேண்டும்" என்று ஒரு நாடு சொன்னால், அந்த நாட்டுக்கு நான் எழுந்து நின்று வழிவிடுவேன். பதில் சொல்லாமல் பேருந்தை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினால், ஏறுவதற்கு முன் அது எந்த ஊர் வண்டி என்று கேளுங்கள்.