கிளப்போட பேரு வாசல்லதான் இருக்கு

மறுபடியும் கிளப்புக்கு ஆள் சேர்க்குற சீசன் வந்தாச்சு. நோட்டீஸ் போர்டு முழுக்க போஸ்டர், இன்ஸ்டா முழுக்க ரீல்ஸ். போன வருஷம் எங்க டெக் கிளப்போட பேஜைப் பார்த்துக்கிட்டது நான்தான். "எல்லோரும் வரலாம்"னு பெரிய எழுத்துல போட்டதும் நான்தான். அது பொய்னு ஒரே வாரத்துல தெரிஞ்சுது.

திருமலைராயன்பட்டினத்துல இருந்து ஒரு ஜூனியர் வந்தான். தமிழ் மீடியம். இன்டர்வியூல இங்கிலீஷ்ல "உன்னைப் பத்திச் சொல்லு"ன்னோம். ரெண்டு வரிக்கு மேல வரல. "கம்யூனிகேஷன் வீக்"னு எழுதி அனுப்பிட்டோம். அவன் அப்பாவோட சேர்ந்து போட் எஞ்சினைப் பிரிச்சு மாட்டுறவன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நாங்க அதைக் கேட்கவே இல்லையே! அடுத்த மீட்டிங்குக்கு அவன் பஸ்ல வர்ற பசங்க ஒருத்தரும் வரல. "அது இங்கிலீஷ் பசங்க கிளப்டா"ன்னு பஸ்ல பேச்சு. என் ரீல்ஸ் எல்லாத்தையும் அந்த ஒரு வரி அடிச்சிடுச்சு.

பெரிய கிளப்புக்கும் இதே கதைதான். 2014 ஜூலைல சென்னை சேப்பாக்கத்துல, தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தோட கிளப்ல ஒரு புத்தக வெளியீட்டு விழா. வேட்டி கட்டிட்டுப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடல. கேட்டா, கிளப் விதியாம். அந்த கிளப்புக்குப் பணம், பேரு எதுக்கும் குறைச்சல் இல்ல. ஆனா வாசல்ல ஒருத்தரைத் திருப்பி அனுப்பினதுதான் நாடு முழுக்கப் பேச்சாச்சு. அடுத்த மாசமே சட்டசபையில சட்டம் வந்துச்சு. வேட்டி கட்டினவரைத் தடுத்தா லைசென்ஸ் ரத்து, ஒரு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம்.

அது தமிழ்நாட்டுச் சட்டம். வாஞ்சூர் தாண்டி நம்ம காரைக்காலுக்குள்ள வந்தா செல்லாது. அதோட, இன்டர்வியூ எந்த மொழியில நடக்கணும்னு எந்தச் சட்டமும் நமக்குச் சொல்லப் போறதில்ல. நம்ம வாசலை நாமதான் திறக்கணும்.

"அப்போ ஸ்டாண்டர்ட் குறைஞ்சிடாதா?"ன்னு கேட்பீங்க. ஸ்டாண்டர்டை வேலையில பாருங்க. மூணு சனிக்கிழமை லேபுக்கு வரச் சொல்லுங்க. யார் கை வைக்கிறாங்க, யார் போட்டோவுக்கு மட்டும் நிக்கிறாங்கன்னு தானா தெரிஞ்சிடும். ஸ்பான்சர்கிட்ட பேச இங்கிலீஷ் வேணும்தான், ஒத்துக்கிறேன். அதை உள்ளே வந்தப்புறம் கத்துக்கலாம். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நான், இந்தக் கட்டுரைக்கே ஒரு ஜூனியர்கிட்ட நாலு இடத்துல ற-வா ர-வான்னு கேட்டேன். அவன் என்னை 'வீக்'னு எழுதி வைக்கல.

அந்தப் பையன்கிட்ட போய் சாரி சொன்னேன். சிரிச்சான். கிளப்புக்கு மட்டும் வரல.

அடுத்த வாரம் பேஜ் பாஸ்வேர்டை உங்ககிட்ட குடுத்துட்டுப் போறேன், ஜூனியர்ஸ். போஸ்டர் டிசைன் பண்றதுக்கு முன்னாடி, இன்டர்வியூ ஷீட்ல இருக்குற அந்த 'கம்யூனிகேஷன்' கட்டத்தை முதல்ல அழிங்க.