பூட்டும் ஏடும்

விலை மதிப்பற்ற ஒரு பொருளைக் காப்பாற்றுவது எது என்று கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் பூட்டு என்பார்கள். பத்தாவது மனிதர் சற்று யோசித்துவிட்டுக் காவலாளி என்பார். இரண்டும் முழு உண்மையல்ல என்பது நம் அபிப்பிராயம். பூட்டு உடையும், காவலாளி கண்ணயர்வான். உடையாததும் உறங்காததுமான காவல் ஒன்று உண்டு. அதுதான் கணக்கு ஏடு. ஏடு எப்படித் திருடனை மடக்கும் என்று நேயர்கள் சிரிக்கக்கூடும். ஒரு கடிகாரத்தின் கதையைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு சிரிக்கலாம்.

1783-ம் வருஷம் பாரிஸ் நகரத்தில் ஆபிரகாம் லூயி பிரெகே என்ற கடிகார வித்வானிடம் விசித்திரமான உத்தரவு ஒன்று வந்தது. பிரான்ஸ் தேசத்து ராணி மாரி அந்த்வானெத்துக்கு ஒரு பைக்கடிகாரம் வேண்டும். கடிகாரக் கலை அதுவரை கண்டுபிடித்த நுட்பங்கள் யாவும் அதில் இருக்க வேண்டும். மற்ற உலோகத்துக்குப் பதிலாகப் பொன்னை வைக்கக்கூடிய இடத்திலெல்லாம் பொன்னே வைக்க வேண்டும். செலவுக்கும் வரம்பில்லை, காலத்துக்கும் வரம்பில்லை. உத்தரவு கொடுத்தவர் ராணியின் மெய்க்காவல் படையைச் சேர்ந்த ஒருவர் என்று சொல்லுவார்கள்.

காலத்துக்கு வரம்பு வைக்காதது நல்லதாயிற்று. வேலை முடிய 44 வருஷங்கள் ஆயின! 1793-ல் ராணியின் தலை கில்லட்டினில் உருண்டது. 1823-ல் பிரெகேயும் காலமானார். 1827-ல்தான், அவருடைய குமாரர் நடத்தி வந்த பட்டறையில், 160 என்ற எண்ணைப் பெற்ற அந்தக் கடிகாரம் பூர்த்தியாயிற்று. மாதத்துக்கு எத்தனை நாள் என்பதை அதுவே அறிந்து தேதி காட்டும். விசையை அழுத்தினால் மணியையும் நிமிஷத்தையும் ஒலித்துச் சொல்லும். வெப்பத்தை அளக்கும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் தானே சாவி ஏறிக்கொள்ளும். யாருக்காக இவ்வளவும் செய்தார்களோ, அவள் அதைக் கண்ணாலும் பார்க்கவில்லை.

பல கைகள் மாறிய பிறகு, 1917-ல் இங்கிலாந்தில் ஸர் டேவிட் லயனல் ஸாலமன்ஸ் என்ற பிரபு அதை வாங்கினார். பிரெகேயின் கடிகாரங்கள்மீது அவருக்குத் தீராத மோகம். வாங்கிச் சேர்த்ததோடு நில்லாமல், அவற்றைப் பற்றி 1921-ல் ஒரு புத்தகமும் எழுதி வெளியிட்டார். அவருடைய குமாரி வேரா அம்மையார், ஜெரூஸலம் நகரில் இஸ்லாமியக் கலைக்கென்று ஒரு மியூஸியம் ஏற்பட மூலதனம் அளித்தார். யூத குலத்தில் பிறந்த அந்த அம்மையார், அண்டை அயலாரின் கலையை அறிந்தால் மனங்கள் நெருங்கும் என்று நம்பியவர். எல். ஏ. மாயர் என்ற பேராசிரியரின் ஞாபகார்த்தமாக 1974-ல் திறக்கப்பட்ட அந்த மியூஸியத்தில், தந்தையாரின் கடிகாரங்களும் இடம் பெற்றன.

1983-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 15-ந் தேதி, வெள்ளிக்கிழமை இரவு. மெலிந்த தேகமுள்ள ஒரு திருடன் குறுகலான ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தான். அபாய மணி பழுதுபட்டிருந்தது. காவலர்கள் எதையும் அறியவில்லை. பொழுது விடிந்தபோது 106 பொருள்களைக் காணோம்! 160-ம் எண் கடிகாரமும் அவற்றில் ஒன்று. அதைச் செய்யச் சொல்லி உத்தரவு பிறந்து சரியாக இருநூறு வருஷங்கள் ஆகியிருந்தன.

இஸ்ரேல் போலீஸார் எங்கெங்கோ தேடினார்கள், பலரை விசாரித்தார்கள். 23 வருஷங்கள் துப்புத் துலங்கவில்லை. 2006-ம் வருஷம் டெல் அவிவ் நகரத்து வக்கீல் ஒருவரிடமிருந்து மியூஸியத்துக்குத் தகவல் வந்தது. தம் கட்சிக்காரரான ஒரு மாது, காலஞ்சென்ற கணவர் விட்டுப்போன கடிகாரங்களைத் திருப்பித் தர விரும்புகிறார் என்று அவர் சொன்னார். பெட்டிகளைத் திறந்து பார்த்தால், 39 பொருள்கள்! ராணியின் கடிகாரமும் அவற்றுள் இருந்தது. திருடியவன் நாமான் டில்லர் என்பவன்; அந்நாட்டில் பிரசித்தி பெற்ற பழைய கள்ளன். 2004-ல் மரணத் தறுவாயில் மனைவியிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். பின்னர் போலீஸார் பின்தொடர்ந்ததில், 2008-ல் பிரான்ஸ் தேசத்துப் பாங்கிப் பெட்டகங்களிலிருந்து மேலும் 43 பொருள்கள் கிடைத்தன. முடிவில் 106-ல் 96 திரும்பி வந்தன.

இங்கே ஒரு தர்மசங்கடம் உண்டு. 2006-ல் அந்தப் பெட்டிகளைப் பெறுவதற்கு மியூஸியத்தார் சுமார் 35,000 டாலர் கொடுத்தார்கள். தன் பொருளைத் தானே விலை கொடுத்து மீட்பது நியாயமா? திருட்டுக்குக் கூலி கொடுப்பது அடுத்த திருடனுக்கு அச்சாரம் கொடுப்பதாகாதா? ஆகும் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால், மறுத்திருந்தால் பெட்டிகள் மறுபடியும் இருட்டுக்குள் போயிருக்கலாம். மியூஸியத்தின் முதற்கடமை பொருளைப் பிழைக்க வைப்பது. குற்றவாளியைத் தண்டிப்பது சர்க்காரின் கடமை. இந்த இரண்டு கடமைகளும் மோதும்போது குற்றமற்ற வழி என்று ஒன்று அகப்படுவதில்லை. முன்கூட்டியே ஜாக்கிரதையாக இருப்பது ஒன்றுதான் அந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம்.

சரி, மூன்று கோடி டாலர் பெறும் என்று மதிக்கப்படும் ஒரு பொருள், 23 வருஷம் பெட்டிக்குள் ஏன் அடைந்து கிடந்தது? கள்ளனுக்குக் காசு கசக்குமா? நாம் கருதும் காரணம் இதுதான். பிரெகே தம் கடிகாரங்களுக்கு எண் இட்டு, அவற்றை ஏட்டில் பதிந்து வைத்தார். போலிகள் பெருகியபோது, சாதாரணக் கண்ணுக்குப் புலப்படாத ரகசியக் கையெழுத்தை முகப்பிலேயே பொறித்தார். ஸாலமன்ஸ் புத்தகம் எழுதினார். திருட்டுக்கு மூன்று வருஷம் முன்பு, 1980-ல், ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயக் கடிகார நிபுணரும் ஒஹான்னெஸ் மார்க்காரியன் என்பவரும் அந்தச் சேகரம் முழுவதையும் வர்ணித்து ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டிருந்தார்கள். இத்தனை சாட்சிகள் உள்ள கடிகாரத்தை எந்த வியாபாரி துணிந்து வாங்குவான்? திருடன் கடிகாரத்தைக் கொண்டுபோனான். அதன் ஜாதகத்தை அவனால் கொண்டுபோக முடியவில்லை.

அந்த ஜாதகத்தின் பலம் இன்னொரு விதத்திலும் வெளிப்பட்டது. கடிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரியாத காலத்தில், பிரெகே கம்பெனியார் பழைய ஏடுகளையும் படங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு அதைப் போலவே மற்றொன்று செய்யத் தொடங்கினார்கள். 1160 என்ற எண்ணுடன் 2008-ல் அது வெளிவந்தது.

எழுத்தின் மகிமைக்கு அமெரிக்காவிலும் ஓர் உதாரணம் உண்டு. தியோடார் ரூஸ்வெல்ட் 1898-ல் யுத்தத்துக்குப் புறப்பட்டபோது, அவருடைய சகோதரியும் மைத்துனரும் வெள்ளிக் கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார்கள். விலையில் அது பெரிதல்ல. பஃபலோ நகரில் பூட்டப்படாத பெட்டியில் காட்சிக்கு வைத்திருந்தபோது, 1987-ல் அது களவு போயிற்று. 2023-ல் பிளாரிடாவில் ஏலக்காரர் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. யார் யாருக்குக் கொடுத்தது என்று உள்ளே பொறித்திருந்த எழுத்துக்களே அதைக் காட்டிக்கொடுத்தன. 2024-ம் வருஷம் ஜூன் மாதம், ரூஸ்வெல்ட் வாழ்ந்த வீட்டுக்கே கடிகாரம் திரும்பியது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. சுமார் 2,000 பொருள்கள் காணாமலோ களவாடப்பட்டோ சேதமுற்றோ போயின என்று லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தார் 2023-ல் அறிவித்தார்கள். பெரும்பாலானவை அறைகளில் அடைந்து கிடந்த சிறு ரத்தினக் கற்களும் நகைகளும். அவற்றில் பலவற்றுக்குச் சரியான பதிவு இல்லை. பெயரும் படமும் இல்லாத பொருளை, இது எம்முடையது என்று எப்படிச் சொல்லிக் கேட்பது? சில நூறு பொருள்களே பிறகு மீண்டன. உலகத்துப் பொக்கிஷங்களுக்கெல்லாம் தம்மிடமே பத்திரம் என்று நெடுங்காலம் பேசிய ஸ்தாபனம் அது. தன் வீட்டுப் பொருள்கள் அனைத்துக்கும் பதிவு செய்து முடிக்க வேண்டும் என்று அதன் பிறகே திட்டம் வகுத்தது.

நல்ல மியூஸியம் என்பது அழகான கட்டிடம் மட்டுமல்ல. அபாய மணியை அடிக்கடி சோதிக்க வேண்டும். இருப்பைக் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பொருளின் படம், அளவு, எடை, மேலே உள்ள எழுத்து, கீறல், ஒட்டு எல்லாம் பதிய வேண்டும். அந்தப் பதிவின் பிரதி ஒன்று வேறு இடத்திலும் இருக்க வேண்டும். களவு போன கலைப் பொருள்களைப் பற்றி இன்டர்போல் வைத்திருக்கும் பட்டியலில் 50,000-க்கு மேற்பட்டவை இருக்கின்றன. படமும் அடையாளமும் இல்லாத பொருளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இது மியூஸியத்தார் தலைவலி, நமக்கென்ன என்று நேயர்கள் இருந்துவிட வேண்டாம். பாட்டனார் கட்டிய கடிகாரம் ஒன்று பல வீடுகளில் பீரோவின் மூலையில் கிடக்கிறது. கடிகார ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து அதன் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யார், எப்போது, எங்கே வாங்கியது என்பதை வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஒரு படமும் எடுத்து வையுங்கள். கால் மணி நேரத்து வேலை.

ஜெரூஸலத்துக் கடிகாரங்களில் திரும்பாதவை இன்னும் பத்து. அவை எங்கே யாருடைய பெட்டியில் கிடக்கின்றனவோ? என்றைக்காவது ஒருநாள், ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கடைக்காரர் மூடியைத் திறந்து எண்ணைப் பார்த்துப் பழைய புத்தகத்தைப் புரட்டுவார். அந்த ஒரு நாளுக்காக ஏடு காத்திருக்கிறது.