முதுகு ஸ்கேனும் தேய்மானக் கணக்கும்

நம் வணிகப் பெருமக்களில் இடுப்புவலி இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவருக்கும் வருகிறது, நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் வருகிறது. மாதக்கணக்கில் நீடித்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறோம். அதுவரை வலி மட்டும்தான். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பயமும் சேர்ந்துகொள்கிறது. கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிடலாமா, கடன் வாங்கியாவது ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்தக் காகிதத்தை மட்டும் நம்பி இப்படி முடிவெடுப்பது சரியல்ல என்பது என் கருத்து.

ரிப்போர்ட்டில் அதிகம் பயமுறுத்தும் சொல் தேய்மானம். இது நமக்குப் புதிய சொல்லா? தராசுக்கும் வண்டிக்கும் ஆண்டுதோறும் கணக்கில் தேய்மானம் எழுதுகிறோம். அதனால் தராசு எடை தப்பாகக் காட்டுகிறது என்று யாரும் சொல்வதில்லை. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்குகளும் வயது ஏற ஏற நீர்ச்சத்துக் குறைந்து, உயரம் குறைந்து, ஓரத்தில் சற்றுப் பிதுங்கும். தலை நரைப்பது போலத்தான்.

1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது! 2015-இல் இத்தகைய 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலியில்லாத ஐம்பது வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும் 60 சதவீதம் பேருக்குப் பல்ஜும் இருப்பதாகத் தெரிந்தது. அப்படியானால் நம் ரிப்போர்ட்டில் உள்ள பல்ஜ்தான் நம் வலிக்குக் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

ஸ்கேன் வீண் என்று நான் சொல்லவில்லை. அது இருப்புப் பட்டியல் மாதிரி. கிடங்கில் என்ன இருக்கிறது என்று காட்டும். வியாபாரம் ஏன் குறைந்தது என்று சொல்லாது. "தீக்கல் சாக்" அழுந்தியிருக்கிறது என்று எழுதியிருந்தால், நரம்புகளைச் சுற்றியுள்ள உறையை டிஸ்க் தொடுகிறது என்று பொருள். நரம்பு நசுங்கிவிட்டது என்று பொருளல்ல. நரம்பு வேர் அழுந்தியிருப்பதாக எழுதி, அதே பக்கத்துக் காலில் முழங்காலுக்குக் கீழே வலியோ மரத்துப்போவதோ இருந்தால்தான் இரண்டும் பொருந்துகின்றன. அதை டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்து, பாதத்தின் பலத்தைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஆபரேஷன் தேதி குறிப்பவரிடம், "எந்த நரம்பு, என் எந்த வலிக்குப் பொருந்துகிறது?" என்று தயங்காமல் கேளுங்கள். சரக்கு வாங்கும்போது நாலு கேள்வி கேட்கிறவர்கள்தானே நாம். பிதுங்கிய டிஸ்க் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுவதும் உண்டு.

நம்மில் பலர் நம்பியிருக்கும் இடுப்பு பெல்ட்டை, நாள்பட்ட இடுப்புவலிக்கு வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியிருக்கிறது. உடற்பயிற்சியை அது பரிந்துரைக்கிறது.

ஆனால் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம், சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொய்ந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். லாரி வந்து நிற்கிறது, சரக்கை இறக்கிவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.