கியர் பாக்சில் ஒழுக்கு! ரிப்பேர் செலவு ஏறுவது ஏன்?

மதுரையிலிருந்து தொண்டிக்குப் போகும் பெருஞ்சாலையில் உள்ள ஊர், காளையார்கோவில். மருது சகோதரர்களின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. நெல் மூட்டையும் வைக்கோலும் கல்யாணக் கூட்டமும் இங்கே வேனிலும் லோடு ஆட்டோவிலும் டிராக்டரிலும் போகின்றன.

இருப்பது ஒரே வண்டி. ஓட்டுகிறவரே சொந்தக்காரர். அதில் வரும் வாடகையில்தான் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். வண்டிக் கடனுக்கு மாதத் தவணையும் கட்ட வேண்டும். இப்படிப்பட்ட குடும்பங்கள் எல்லா ஊர்களிலும் உண்டு.

அந்த வண்டியின் கியர் பாக்சில் ஆயில் ஒழுகத் தொடங்கினால், அது குடும்பத்துக்கே வந்த நெருக்கடி.

சிறிய சீல், பெரிய கூலி

கியர் பாக்சுக்குள் பல் சக்கரங்கள் ஆயிலில் நனைந்தபடி சுழல்கின்றன. தண்டு வெளியே வரும் இடத்தில் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அதுதான் ஆயில் சீல். நாளானால் அது தேயும், இறுகும். அங்கே ஒழுக்கு ஏற்படும்.

எல்லா ஒழுக்கும் ஒரே மாதிரி அல்ல. அடியில் உள்ள போல்ட்டின் வாஷர் நைந்திருக்கலாம். காற்றுப் போகும் துவாரம் சேற்றால் அடைத்திருக்கலாம். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும். இவை சின்ன வேலைகள்.

எஞ்சினுக்கும் கியர் பாக்சுக்கும் நடுவில் உள்ள சீல் கெட்டால் கதை வேறு. கியர் பாக்சையே கீழே இறக்க வேண்டும். சீலின் விலை சொற்பம். இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது. இறக்கிய சமயத்தில் கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். பிறகு தேய்ந்தால், அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க நேரும்.

விளக்கு எரியாது

எஞ்சினில் ஆயில் அழுத்தம் குறைந்தால் டிரைவர் முன்னால் சிவப்பு விளக்கு எரியும். கையால் கியர் போடும் பெரும்பாலான வண்டிகளில் கியர் பாக்ஸ் ஆயிலுக்கு அப்படி விளக்கு கிடையாது. "கொய்ங்" என்று சத்தம் கேட்கும்போதுதான் விஷயம் தெரியும். அதற்குள் பேரிங் கெட்டிருக்கும். பல் தேய்ந்திருக்கும். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலியால் வெட்ட வேண்டிவரும்.

14 கம்பெனிகள்

கோடாலிச் செலவு ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது உதிரிச் சாமான்.

கம்பெனிச் சாமான் வெளிக்கடையில் கிடைக்காவிட்டால், கம்பெனி சொன்னதுதான் விலை. இதைப்பற்றி 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் போயிற்று. ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம்! "சாமான்களை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யுங்கள். வெளி மெக்கானிக் தொட்டார் என்பதற்காக மட்டும் வாரண்டியை அடியோடு ரத்து செய்யாதீர்கள்" என்பது உத்தரவின் சாரம்.

கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-ல் இதற்காக ஓட்டே போட்டார்கள். கம்பெனி ஒர்க்ஷாப்புக்குக் கிடைக்கும் ரிப்பேர் விவரங்கள் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

இந்தியாவில் மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, "ரிப்பேர் செய்யும் உரிமை"க்காக ஓர் இணையதளம் திறந்தது. கம்பெனிகள் ரிப்பேர் விவரங்களை அதில் வெளியிடலாம். ஆனால், 2025 முடிய இதற்கென்று தனிச் சட்டம் வரவில்லை. இணையதளம் வழி காட்டும், கட்டாயப்படுத்தாது. குறை இங்கேதான் இருக்கிறது.

வரி குறைந்தது

2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் உதிரிச் சாமான்கள் மீதான ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 10,000 ரூபாய்ச் சாமானுக்கு வரியோடு முன்பு 12,800 ரூபாய். குறைந்த பிறகு 11,800 ரூபாய். ஆயிரம் ரூபாய் மிச்சம். டிராக்டரின் கியர் பாக்ஸ் உட்படப் பல பாகங்களுக்கு வரி 18-லிருந்து 5 ஆயிற்று.

ரிப்பேர் கூலிக்கான 18 சதவிகித வரியில் மாற்றம் இல்லை. வரிக் குறைப்பு தனக்கு வந்து சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால், பில் வேண்டும். சாமான் விலை தனி, கூலி தனி, வரி தனி என்று எழுதிய பில்!

சிவகங்கையிலேயே புகார்

2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பில் கொடுக்க மறுப்பதை அது முறையற்ற வியாபாரம் என்கிறது.

"வாடகை வண்டிக்கு இந்தச் சட்டம் செல்லாது" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது சரியல்ல. சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காகவே வாங்கிய வண்டி என்றால், அவரும் நுகர்வோரே.

வண்டியை மதுரையில் ரிப்பேர் செய்திருந்தாலும், காளையார்கோவில்காரர் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். அதாவது, சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து யோசனை கேட்கலாம்.

ஆனால், ஆணையம் கேட்கும் முதல் கேள்வி "பில் எங்கே?" என்பதுதான்.

இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைக்க வேண்டும். காலையில் கறை தெரிந்தால், அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். வேலை தொடங்கும் முன் செலவுக் கணக்கை எழுதி வாங்க வேண்டும். மாற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை, அந்தப் பில்லை ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டட்டும்!