மூச்சு விடாத மூக்குகள்

எங்கள் துறை நண்பர் ஒருவர் அண்மையில் புதுக் கார் வாங்கினார். கல்லூரி வாசலில் நிறுத்தி எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். முன் பம்பரின் இரு ஓரங்களிலும் தேன்கூடு போன்ற கறுப்புத் துளைகள் இருந்தன. காற்றுப் புகும் வழி போலும் என்று எண்ணி விரலை வைத்தேன். நுழையவில்லை. துளையைப் போல வார்த்த பிளாஸ்டிக். பின்புறம் பளபளக்கும் இரண்டு சைலன்ஸர் வாய்கள், இரண்டும் அடைப்பு. உண்மையான புகைக்குழாய், வெட்கப்பட்டதைப் போல அடியில் தரையைப் பார்த்து வளைந்திருந்தது. “டிசைனுங்க சார் அது” என்றார் நண்பர். அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

அலங்காரத்துக்கு நான் எதிரி அல்லன்; அணியிலக்கணம் நடத்திச் சோறு தின்பவன். 1910 வாக்கில் வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் அலங்காரத்தையே குற்றத்தோடு சேர்த்துப் பேசினார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். தொல்காப்பியர் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கு வகைகளைச் சொல்கிறார். செயல், விளைவு, வடிவு, நிறம். இவற்றுள் ஒன்று பொருந்தினாலும் உவமை நிற்கும். ஏனெனில் உவமை தன்னை உவமை என்று அறிவித்துக்கொண்டே வருகிறது. ‘போல’ என்னும் உருபு தொக்கி நின்றாலும் கேட்பவர் ஏமாறுவதில்லை. நண்பரின் காரிலுள்ள துளைக்குத் துளையின் மெய்யும் உருவும் உண்டு; வினையும் பயனும் இல்லை. அதைவிட முக்கியம், ‘நான் துளை போன்றவன்’ என்று அது சொல்லவில்லை. ‘நான் துளை’ என்கிறது. அணிக்கும் பொய்ச்சாட்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மிகை வேறு, பொய் வேறு. 1948இல் காடிலாக் கார்களின் பின்புறத்தில் சிறு சிறகுகள் முளைத்தன. ஜெனரல் மோட்டார்ஸின் ஹார்லி ஏர்ல், பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்துப் பெற்ற உந்துதல் அது. 1959இல் அந்தச் சிறகுகள் கேலிக்குரிய உயரத்தை எட்டின. ஆயினும் கார் பறக்கும் என்று எவரும் நம்பவில்லை. அது உயர்வு நவிற்சி, சிரித்துக்கொண்டே ஏற்கலாம். 2019இல் வந்த டொயோட்டா சுப்ராவின் பல துளைகளோ மூடப்பட்டவை. பந்தயத்துக்கு மாற்றியமைப்போர் திறந்துகொள்ளலாம் என்பது நிறுவனத்தின் விளக்கம். பி.எம்.டபிள்யூ.வின் புகழ்பெற்ற சிறுநீரக வடிவக் கிரில், 1933இல் ரேடியேட்டருக்குக் காற்று விடும் வாயாகப் பிறந்தது. இன்று அதன் மின்சாரக் காரான ஐ.எக்ஸில் அது முன்னிலும் பெரிதாக, ஆனால் மூடிய பலகையாக நிற்கிறது. உள்ளே கேமராவும் உணரிகளும் குடியிருக்கின்றன. மூக்கு பெருத்தது, மூச்சு நின்றது.

‘அடைத்த துளையால் யாருக்கு நட்டம்?’ என்று கேட்பீர்கள். துளையோடு நின்றிருந்தால் நானும் பாடம் நடத்தப் போயிருப்பேன். தோற்றத்துக்காகச் செயலைக் கைவிடப் பழகிய கை, அடுத்து உயிரைத் தொடுகிறது. அன்று மாலை மழை. கண்ணாடியில் படிந்த ஆவியைப் போக்க நண்பர் தொடுதிரையை மூன்று முறை தடவினார். அத்தனை நேரமும் அவர் கண் சாலையில் இல்லை. பழைய திருகு குமிழை விரல் தானே கண்டுகொள்ளும். திரையை எதற்கு வைத்தார்கள்? அறை ‘தூய்மையாக’த் தெரிய வேண்டுமாம். ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, முழு மதிப்பெண் வேண்டுமானால் திரும்பு விளக்கு, ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ வேண்டும் என்று 2026 முதல் சொல்லவேண்டி வந்தது. கதவோடு கதவாகப் பதுங்கும் கைப்பிடிகளின் கதையும் இதுவே. விபத்தில் மின்சாரம் போனால் வெளியே நிற்பவன் எதைப் பிடித்து இழுப்பான்? மின்சாரம் இல்லாதபோதும் கதவைக் கையால் திறக்க முடியவேண்டும் என்று சீனா 2025இல் வரைவு விதி வெளியிட்டது. கதவைத் திறக்க முடியவேண்டும் என்பதற்கு ஒரு சட்டம்!

இன்னொன்று, பலசாலி போலத் தோன்ற நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் முகப்பு. பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால் நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்கு மிகாத, சரிந்த முகப்புள்ள வண்டியைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். 2023இல் கண்டது. நடப்பவனின் நெஞ்சுக்கு நேரே வைத்த அழகு அது.

பழமைப் பித்து என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடருக்காக நான் அழவில்லை. இன்றைய கார் அதைவிடப் பலமடங்கு காக்கும். நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் பாடி கட்டிய லாரிகளையும் புனிதப்படுத்தவில்லை. தாமரையும் மயிலும் தீட்டிய அந்தக் கேபினுக்குள் ஓட்டுநர் வெந்துகொண்டுதான் இருந்தார். புதிய லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமானது 2025இல்தான். ஆனால் அந்த மயில் ஒருநாளும் தன்னை ரேடியேட்டர் என்று சொல்லிக்கொண்டதில்லை. நெற்றியில் எழுதிய பிள்ளையின் பெயர், உரிமையாளர் தன் பிள்ளைமேல் வைத்த அன்பை மட்டுமே சொன்னது. பெயிண்டரின் கை அங்கே தெரிந்தது. அழகு அழகாகவும் இரும்பு இரும்பாகவும் இருந்தன.

வாகன வடிவமைப்பாளர்களிடம் நான் கேட்பது எளிமையை அன்று. பூ வரையுங்கள், சிறகு வையுங்கள், நிறத்தை அள்ளிப் பூசுங்கள். துளை என்றால் காற்றுப் போகட்டும். கைப்பிடி என்றால் கைக்கு அகப்படட்டும். இதைக் கேட்பதற்கு இலக்கணம் படித்திருக்கத் தேவையில்லை. நண்பரின் ஆறு வயது மகளும் அந்தத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். “அப்பா, இது மூடியிருக்கு” என்றாள். அவளிடமும் அவர் “டிசைன்மா” என்றுதான் சொன்னார். அவள் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.